காண்டாக் கம்பும் கணினி மெமரியும்

"அண்ணே, இந்த லேப்டாப்புல கிராஃபிக்ஸ் மெமரி 128 எம்பின்னுதான் காட்டுது. அத ஏத்த முடியுமா?"

சுங்கை சிப்புட், சிம்மோர், பீடோர் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். ஒருவர் ஈப்போ உங்கு ஒமார் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டு ஆட்டோகேட் வரைகிறார். இன்னொருவர் கோயில் திருவிழாக்களைப் படமெடுத்து, வெட்டி ஒட்டி, காணொளியாக்கித் தருகிறார். விளையாட்டு திறக்க மறுக்கிறது என்று மனமொடிந்து வரும் பதின்ம வயதினரும் உண்டு. பெரும்பாலும் அது வீட்டில் இருக்கும் ஒரே லேப்டாப்பாக இருக்கும். அண்ணன் படித்து முடித்ததும் தங்கைக்கு வந்திருக்கும், அல்லது செகண்ட் ஹேண்டாக வாங்கியிருப்பார்கள். புதிதாக ஒன்று வாங்க வழியில்லாததால்தான் இருப்பதை ஏற்றிக்கொள்ளப் பார்க்கிறார்கள். அதனால் இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைப்பது முக்கியம். தவறான பதிலால் வீணாவது ஏழை வீட்டுப் பணம்.

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தபோது இந்தத் தேவை எவ்வளவு பெரியது என்று நாடு முழுவதற்கும் தெரிந்தது. அப்போது கல்வியமைச்சு எடுத்த கணக்கெடுப்பில் ஏறத்தாழ 37 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காடுதான். பிறகு 500 பள்ளிகளின் 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் தரும் செர்டிக் திட்டம் வந்தது. அது தவிர ஆலயங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் தனி மனிதர்களும் பழைய மடிக்கணினிகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். இல்லிருப்புக் கற்றல் முடிந்துவிட்டது, அந்தக் கணினிகள் வீடுகளில் தங்கிவிட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயன்கள் இடிந்து தாமான்கள் எழுந்த ஊர்களில், பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அவற்றில்தான் படிக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.

தனி கார்டு உள்ள கணினியில் படம் வரையும் சில்லுக்கென்று சொந்த மெமரி உண்டு. அதை வேறு யாரும் தொடுவதில்லை. ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸுக்கு அந்தச் சொத்து இல்லை. ப்ராசஸர் பயன்படுத்தும் அதே ரேமிலிருந்துதான் அதுவும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு பழையது. சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் 1996-இல் வெளியிட்ட ஓ2 என்ற விலையுயர்ந்த கணினியிலேயே எல்லாப் பாகங்களும் ஒரே மெமரியைப் பகிர்ந்துகொண்டன. மலிவான கணினிகளுக்கு இதைப் பரவலாக்கியது 1999-இல் வந்த இன்டெல் 810 சிப்செட். 2010-இல் கிராஃபிக்ஸ் சில்லு ப்ராசஸரின் கூட்டுக்குள் வந்தது. 2011-இல் இன்டெல், ஏஎம்டி இரண்டுமே அதை ப்ராசஸரோடு ஒரே சில்லாகச் செதுக்கிவிட்டன. செலவு குறைந்தது, மின்சாரமும் மிச்சமானது. இன்று ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட்டுக்கு ஒரு மடிக்கணினி கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குறை சொல்ல வேண்டிய தொழில்நுட்பம் அல்ல இது.

அப்படியானால் அந்த 128 எம்பி என்ன? கணினியைத் திறந்தவுடன், விண்டோஸ் எழுவதற்கு முன்பே, பயாஸ் ரேமில் ஒரு சிறு பகுதியை கிராஃபிக்ஸுக்கென்று ஒதுக்கிவிடுகிறது. இன்டெல் கணினிகளில் அந்த ஒதுக்கீடுதான் பெரும்பாலும் 128 எம்பி என்று தெரிகிறது. அது தொடக்கக் கையிருப்பு, மேல்வரம்பு கிடையாது. வேலை கூடக் கூட டிரைவர் விண்டோஸிடம் மேலும் மெமரி கேட்டு வாங்கிக்கொள்ளும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். பொதுவாக மொத்த ரேமில் ஏறத்தாழ பாதிவரை இப்படி எடுத்துக்கொள்ளலாம். 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் அது 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. சந்தேகமுள்ளவர்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு-வைச் சொடுக்கிப் பார்க்கலாம். பகிர்ந்த மெமரி எவ்வளவு, அதில் இப்போது ஓடுவது எவ்வளவு என்று இரண்டும் தெரியும். கனமான ஒரு வேலையைத் தொடங்கிவிட்டுப் பார்த்தால், 128 எம்பியைத் தாண்டி அந்த எண் ஏறுவதைக் கண்ணாலேயே காணலாம்.

திரையில் படம் காட்டுவதற்கு மட்டும் எவ்வளவு மெமரி வேண்டும் என்ற கணக்கைப் பள்ளிப் பிள்ளையே போட்டுவிடலாம். 1920-ஐ 1080-ஆல் பெருக்கி, புள்ளிக்கு 4 பைட் வைத்தால் 8 எம்பியும் கொஞ்சமும் வரும். பழைய 1366-க்கு 768 திரைக்கு 4 எம்பி போதும். மெமரியைத் தின்பவை திரைக்குப் பின்னால் இருக்கின்றன. விளையாட்டில் சுவருக்கும் மண்ணுக்கும் முகத்துக்கும் போர்த்தும் படத்துணுக்குகள், முப்பரிமாண மாதிரிகள், காணொளியின் அடுத்தடுத்த சட்டகங்கள் எல்லாம் அங்கே கிடக்கின்றன. ஆட்டோகேடில் தட்டை வரைபடம் போடுபவருக்கு மெமரித் தட்டுப்பாடு வராது. புதிய விளையாட்டுகளுக்கோ பல ஜிபி வேண்டும்.

இப்போது "ஏற்றும்" வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி பயாஸ். சில கணினிகளில், குறிப்பாக ஏஎம்டி ப்ராசஸர் உள்ளவற்றில், கிராஃபிக்ஸுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்று நாமே சொல்ல அங்கே இடமுண்டு. 512 எம்பி, 1 ஜிபி, 2 ஜிபி என்று தேர்வுகள் இருக்கும். மேசைக் கணினிகளில் இது சாதாரணம். மடிக்கணினி நிறுவனங்கள் பல அந்தப் பக்கத்தையே மறைத்துவிடுகின்றன. கண்ணில் படாவிட்டால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மறைந்திருப்பதைத் திறக்கிறேன் என்று முன்பின் தெரியாத பயாஸ் கோப்புகளை ஏற்றினால் இருக்கிற கணினியும் எழாமல் போகும்.

தேர்வு இருந்தாலும் ஒதுக்குவது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பேராக் மாநிலத்தில் துண்டாடல் என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்கள் சிறு நிலங்களாகக் கூறுபோட்டு விற்கப்பட்டபோது குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. சுங்கை சிப்புட்டின் மகன் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதற்கு விடையாகத்தான். கூறுபோட்டால் நிலம் ஓர் அங்குலமும் கூடுவதில்லை. ரேமும் அப்படித்தான். பயாஸில் கிராஃபிக்ஸுக்கு 2 ஜிபி எழுதினால், விண்டோஸின் பங்கில் 2 ஜிபி அப்படியே போய்விடும். கிராஃபிக்ஸுக்கு வேலையே இல்லாத நேரத்திலும் அது திரும்பி வராது.

என் உறவுக்காரப் பெண் ஒருத்தி ஒருமுறை அழாத குறையாகத் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். 4 ஜிபி ரேம்தான். ஒரு கடையில் "கிராஃபிக்ஸ் மெமரி ஏற்றித் தருகிறோம்" என்று பணம் வாங்கிக்கொண்டு பயாஸில் 2 ஜிபியை ஒதுக்கி அனுப்பியிருந்தார்கள். விண்டோஸுக்கு எஞ்சியது 2 ஜிபி. இடம் போதாமல் அது எல்லாவற்றையும் வட்டுக்குத் தள்ளித் தள்ளி எடுக்க, ஒரு பக்கம் திறக்கவே நிமிடக்கணக்கில் ஆனது. கல்லூரி ஒப்படைப்புக்கு மறுநாள் கடைசி நாள். ஒதுக்கீட்டைப் பழையபடி மாற்ற எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவளுக்கு வீணான மூன்று வாரங்களை யாரும் திருப்பித் தர முடியாது. இதை எழுதத் தூண்டியது அந்த மூன்று வாரங்கள்தான்.

இரண்டாவது வழி ரெஜிஸ்ட்ரியில் ஓர் எண்ணை எழுதுவது. இன்டெல் கணினிக்கென்று சொல்லப்படும் தந்திரம் இது. ஜிஎம்எம் என்ற பெயரில் ஒரு பகுதியை உண்டாக்கி, அதில் 512 என்று எழுதி, கணினியை அணைத்துப் போட்டால், 128 இருந்த இடத்தில் 512 தெரியும். பார்ப்பவருக்கு மகிழ்ச்சி. ஆனால் மெமரியில் ஒரு பைட் கூட இடம் மாறவில்லை. கேட்பவரிடம் டிரைவர் எந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே மாறியிருக்கிறது. இதனால் பயனே இல்லையா என்றால், ஓரிடத்தில் உண்டு. சில விளையாட்டுகள் தொடங்கும் முன் தனி மெமரி எவ்வளவு என்று கேட்டு, குறைவாக இருந்தால் திறக்க மறுத்துவிடும். அந்தக் காவலைத் தாண்ட இந்த எண் உதவும். உள்ளே போன பிறகு வேகம் பழைய வேகம்தான். இதைத் தெரிந்து செய்பவர்கள் செய்யட்டும். வேகம் கூடும் என்று சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

பயாஸ் ஒதுக்கீட்டுக்கும் இதே போல ஒரு நியாயமான இடம் உண்டு. ஏஎம்டி கணினியில் 16 ஜிபி ரேம் இருந்து ஒதுக்கீடு 512 எம்பியாக இருந்தால், சில விளையாட்டுகள் அந்த 512-ஐ மட்டும் பார்த்துவிட்டுப் படத்துணுக்குகளை மங்கலாகக் காட்டும். அங்கே 2 ஜிபிக்கு உயர்த்தினால் பலன் தெரியும். 16 ஜிபியில் 2 போவது பெரிதல்ல, 8 ஜிபியில் யோசிக்க வேண்டும், 4 ஜிபியில் கூடவே கூடாது.

இந்த வழிகளைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒன்று இருக்கிறது. ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸின் உண்மையான முட்டுக்கட்டை பாதையின் அகலம். வினாடிக்கு எத்தனை ஜிபி தரவு ரேமிலிருந்து சில்லுக்குப் போய்ச் சேர முடியும் என்பதுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. கொள்ளளவு அதற்கு அடுத்தபடிதான்.

பால்மரம் வெட்டியவர்கள் வீட்டில் இன்னும் இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பின் இரு முனையிலும் ஒவ்வொரு வாளி தொங்கவிட்டு, தோளில் சுமந்து நிரையிலிருந்து வெளியே கொண்டுவருவார்கள். ஒரே வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பவருக்கும் காண்டா சுமப்பவருக்கும் நடை ஒன்று, தூரம் ஒன்று. வந்து சேரும் பால் மட்டும் இரண்டு மடங்கு. ரேமில் இதற்குத்தான் இரட்டைச் சேனல் என்று பெயர். ஒரே குச்சியாக 8 ஜிபி போட்டால் ஒரு வாளி. இரண்டு குச்சிகளாக 4-உம் 4-உம் போட்டால் இரண்டு வாளி. மொத்தம் இரண்டிலும் 8 ஜிபிதான்.

எண்களில் சொன்னால் டிடிஆர்4-2400 ரேம் ஒற்றைக் குச்சியில் வினாடிக்கு 19.2 ஜிபி கடத்தும், இரட்டையில் 38.4. டிடிஆர்4-3200 ஒற்றையில் 25.6, இரட்டையில் 51.2. இந்தப் பாதையிலேயே ப்ராசஸரும் போக வேண்டும், கிராஃபிக்ஸும் போக வேண்டும். தனி கார்டுகளில் எளியதான ஜிடிஎக்ஸ் 1050-க்கு அதன் சொந்தப் பாதை மட்டும் வினாடிக்கு 112 ஜிபி. வேறுபாடு எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறது அல்லவா? பகிர்ந்துகொள்வதே குறை என்றால் 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 ஓடவே கூடாது. அதிலும் ப்ராசஸரும் கிராஃபிக்ஸும் ஒரே 8 ஜிபியைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் அதன் பாதை வினாடிக்கு 176 ஜிபி.

இன்டெல் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டு பெயரிலேயே பொறித்துவிட்டது. 11-ஆம் தலைமுறை ப்ராசஸர்களோடு வந்த ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸ், இரட்டைச் சேனல் ரேம் இருந்தால்தான் அந்தப் பெயரைக் காட்டும். ஒற்றைக் குச்சியோடு விற்கப்படும் கணினியில் அதே சில்லு யுஎச்டி கிராஃபிக்ஸ் என்று தன்னைக் குறைத்துச் சொல்லிக்கொள்ளும். "ஐரிஸ் எக்ஸ்இன்னு சொல்லித்தான் வாங்கினோம், யுஎச்டின்னு காட்டுது, ஏமாத்திட்டாங்களா?" என்று பதறி வருபவர்களுக்கு நான் சொல்வது, காலியாக இருக்கும் இடத்தில் இன்னொரு குச்சி போடுங்கள் என்பதுதான். போட்டுத் திறந்ததும் பெயர் மாறும், வேகமும் கூடும். பாதை இரட்டித்தாலும் வேகம் முழுதாக இரட்டிக்காது. கிராஃபிக்ஸ் சில்லின் சொந்த வலுவும் ஓர் எல்லைதான். ஆனாலும் ஒருங்கிணைந்த கிராஃபிக்ஸில் கைக்காசுக்குக் கிடைக்கும் பலனில் இதற்கு ஈடானதை நான் பார்த்ததில்லை. இரண்டாவது குச்சி மொத்தக் கொள்ளளவையும் கூட்டுவதால் கிராஃபிக்ஸ் எடுத்துக்கொள்ளக்கூடிய பாதியும் தானே பெரிதாகிறது. பிள்ளைகள் கேட்ட "ஏற்றம்" உண்மையில் நடப்பது இந்த ஒரு வழியில்தான்.

காண்டா சுமந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஒரு வாளி நிறைந்து மறு வாளி பாதியாக இருந்தால் கம்பு ஒரு பக்கம் சாயும். ரேம் குச்சிகளும் ஒரே அளவில் இருப்பது நல்லது. 4-உம் 8-உம் போட்டாலும் ஓடும். இரண்டிலும் முதல் 4 ஜிபி வரை இரட்டைப் பாதை, மிஞ்சிய 4 ஜிபி ஒற்றைப் பாதை.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான். டாஸ்க் மேனேஜரின் மெமரிப் பக்கத்தில் எத்தனை இடங்களில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று எழுதியிருக்கும். சில கணினிகளில் அந்தத் தகவல் தவறாகவும் வரும் என்பதால் மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் விவரப் பக்கத்தையும் பாருங்கள். மெல்லிய கணினிகள் பலவற்றில் ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். எல்பிடிடிஆர் என்று பெயர் தொடங்கினால் பெரும்பாலும் மாற்ற வழியில்லை என்று அர்த்தம். டிடிஆர்3, 4, 5 மூன்றும் ஒன்றின் இடத்தில் ஒன்று பொருந்தாது. ஈப்போவில் யிக் ஃபூங் வளாகம் போன்ற இடங்களில் பழைய குச்சிகளும் கிடைக்கும். கணினியையே கையோடு எடுத்துப் போய், அங்கேயே போட்டு, திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகெங்கும் ஏறிவிட்டது. ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதுதான் அதற்குப் பெரிய காரணம். பழைய டிடிஆர்4 குச்சி வீட்டில் சும்மா கிடந்தால் தூக்கி எறியாதீர்கள்.

சூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெல்லிய மடிக்கணினிகளின் ப்ராசஸர்கள் பல 15 வாட் அளவுக்கு வடிவமைக்கப்பட்டவை. அந்த 15 வாட்டையும் கிராஃபிக்ஸ் ப்ராசஸரோடு பகிர்ந்துகொள்கிறது. துத்தநாகக் கூரை வீட்டில் மதிய நேரம் மெத்தைமேல் வைத்து ஓட்டினால், சூடு தாங்காமல் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெமரி போதவில்லை என்று கொண்டுவரப்பட்ட கணினிகளில் சிலவற்றுக்கு நான் செய்ததெல்லாம் விசிறியில் அடைந்திருந்த தூசியை எடுத்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றியதுதான். சார்ஜரை மாட்டி, மின் அமைப்பை உயர்திறனுக்கு மாற்றி, டிரைவரைப் புதுப்பித்துப் பார்த்தாலே பாதிக் குறை தீர்வதும் உண்டு. விளையாட்டை 720 வரிகளுக்கு இறக்கி ஆடுவதும் நல்ல வழி. 1080-ஐவிட வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் குறைவாகிவிடும்.

வெளியே பெட்டியாக வைத்து இணைக்கும் கிராஃபிக்ஸ் கார்டுகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்தப் பெட்டியும் கார்டும் மின்வழங்கியும் சேர்ந்தால் இன்னொரு மடிக்கணினியின் விலை வந்துவிடும். நம் வீடுகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒதுக்கீட்டின் அளவே தீர்ப்பாகும் ஒரு புதிய துறை இப்போது வந்திருக்கிறது. ஏஐ மொழி மாதிரிகளைத் தன் கணினியிலேயே ஓட்ட விரும்புபவருக்கு, மாதிரி முழுவதும் கிராஃபிக்ஸ் மெமரிக்குள் அடங்கினால்தான் வேகம் கிடைக்கும். ஏஎம்டி தன் ரைசன் ஏஐ 300 வரிசையில் ஒதுக்கீட்டை விண்டோஸிலிருந்தே மாற்ற வசதி செய்தது. 2025-இல் இன்டெலும் கோர் அல்ட்ரா கணினிகளுக்கு அதுபோன்ற ஒன்றைக் கொடுத்தது. ரைசன் ஏஐ மேக்ஸ் கணினியில் 128 ஜிபி ரேம் இருந்தால் 96 ஜிபியைக் கிராஃபிக்ஸுக்கே எழுதலாம். அங்கேயும் பாதையை அகலப்படுத்தித்தான் இதைச் சாத்தியமாக்கினார்கள், வினாடிக்கு 256 ஜிபி. விலை நம் கைக்கு எட்டாதது. ஆனாலும் தனி கார்டு இல்லாத கணினி என்றால் இளப்பம் என்ற எண்ணம் இதோடு முடிந்துவிட்டது.

பேராக்கில் 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும், முன்னாள் மாணவர்களுக்கும், ஆண்டுதோறும் மடிக்கணினி தானம் செய்யும் ஆலய நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 4 ஜிபியோடு இருபது கணினிகள் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, 8 ஜிபியோடு பன்னிரண்டு கணினிகள் கொடுங்கள். அந்த 8 ஜிபி ஒரே குச்சியாக இல்லாமல் 4-உம் 4-உமாக இருக்கட்டும். விலைப்பட்டியல் கேட்கும்போதே கடைக்காரரிடம் அதை எழுதி வாங்குங்கள். வாங்கும் கணினியில் இரண்டு இடம் இருக்கிறதா என்று பின்மூடியைத் திறந்து பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.